பதினாலு வருஷக் கணக்கு

பாளையங்கோட்டைக்காரர்களுக்குத் தண்டனையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மத்திய சிறை ஊருக்குள்ளேயே இருக்கிறது. சமாதானபுரம் பக்கம் ஒரு டீக்கடையில், பேப்பரில் வந்த கொலைச் செய்தியை வாசித்துவிட்டுக் கடைக்கார அண்ணாச்சி சொன்னார்: "இவனையெல்லாம் தூக்குல போடணும் வே."

"சாவுற வரைக்கும் வெளிய விடாம உள்ளயே வச்சிருந்தா அண்ணாச்சி?" என்றேன்.

ஆற்றிக்கொண்டிருந்த டீயை அவர் நிறுத்தவில்லை. "அப்படி வச்சா சரித்தான். எங்க வைக்கானுவ? பதினாலு வருசம் ஆச்சுன்னா, அண்ணா பிறந்தநாளுக்கு விட்ருவானுவ."

மரண தண்டனை பற்றிய கருத்துக்கணிப்புகளை ஆராய்கிறவர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் விஷயம் இந்தப் பேச்சுக்குள் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் காலப் நிறுவனம் 1936 முதல் இதை மக்களிடம் கேட்டு வருகிறது. 1966-ல் ஆதரவு 42 சதவீதத்துக்கு இறங்கியது. 1994-ல் 80-க்கு ஏறியது. 2019-ல் ஒரு வேடிக்கை. 'கொலைக் குற்றவாளிக்கு மரண தண்டனை வேண்டுமா?' என்று மட்டும் கேட்டபோது 56 சதவீதம் பேர் 'வேண்டும்' என்றார்கள். 'மரண தண்டனையா, விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையா, எது சரி?' என்று கேட்டபோது மரண தண்டனையைத் தேர்ந்தவர்கள் 36 சதவீதம். ஆயுளைத் தேர்ந்தவர்கள் 60. அதே நாடு, அதே ஆண்டு.

மக்கள் மனம் மாறிவிடவில்லை. முதல் கேள்வியில் மாற்று என்ன என்று சொல்லாததால், பதில் சொல்கிறவர் தானாக ஒன்றை வைத்துக்கொள்கிறார்: 'தூக்கு இல்லையென்றால் இவன் வெளியே வந்துவிடுவான்.' அந்தப் பயத்துக்கும் ஒரு பங்கு ஓட்டு. வழக்கில் முடிவு சொல்ல உட்கார வைக்கப்படும் பொதுமக்களான ஜூரிகளுக்கும் இந்தப் பயம் உண்டு. அதனால்தான் 1994-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றவாளி வெளியே வந்தால் ஆபத்து என்று அரசுத் தரப்பு வாதாடும் வழக்கில், ஆயுள் என்றால் பரோலே (அதாவது முன்கூட்டி விடுதலையே) கிடையாது என்ற உண்மையை ஜூரியிடமிருந்து மறைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

அண்ணாச்சியின் பதினாலு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஆயுள் என்ற சொல் இந்தச் சீமையில் எப்போதுமே கொஞ்சம் வழுக்கும் சொல்தான். 1908-ல் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை கொடுத்தார். ஆளுக்கு ஓர் ஆயுள்தானே என்று அப்போது யாராவது கேட்டிருப்பார்கள். ஓர் ஆயுளுக்கு இருபது வருஷம் என்று வைத்து அதை நாற்பது ஆண்டுகள் என்றே இன்றும் சொல்கிறோம். மேல்முறையீட்டில் குறைந்து, 1912 கடைசியில் அவர் வெளியே வந்தார்.

சட்டப்படி ஆயுள் என்றால் மிச்சமிருக்கும் ஆயுள் முழுவதும்தான். 1961-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆனால் தண்டனையைக் குறைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. 1978-ல் அதற்கு ஒரு தடை போட்டார்கள்: மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் ஆயுள் பெற்றவரைப் பதினான்கு ஆண்டுக்கு முன்னால் விடக்கூடாது. 'அதற்கு முன்னால் கூடாது' என்பது ஊர் வாயில் விழுந்து 'அதோடு விட்டுவிடுவார்கள்' என்று ஆகிவிட்டது.

நீதிபதிகளுக்கும் இதே சங்கடம் இருந்தது. தூக்கு அதிகம், பதினாலு குறைவு, நடுவில் ஒன்றும் இல்லை. 2008-ல் சிரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நடுவை உண்டாக்கியது: தூக்குக்குப் பதில், குறைப்பே இல்லாத சிறை, சாகும்வரை அல்லது இத்தனை ஆண்டு என்று. 2015-ல் அரசியல் சாசன அமர்வு இதை உறுதிசெய்தது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே இப்படி விதிக்கலாம் என்றது. டீக்கடை வரை இது இன்னும் வந்து சேரவில்லை.

'பயம் இருந்தாத்தானே திருந்துவான்' என்ற வாதம் வேறு. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது மற்ற பாளையக்காரர்களையும் வரவழைத்துப் பார்க்க வைத்தார் மேஜர் பானர்மேன். பார்த்துப் பயப்படத்தான். ஒன்றரை வருஷம்கூட முழுதாக ஓடவில்லை. 1801 பிப்ரவரியில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வெளியேறி, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பிவிட்டார். தூக்கு பயமுறுத்தாது என்பதற்கு இது சாட்சி ஆகுமா? ஆகாது. தூக்கிலிடாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பார்க்க இன்னொரு கயத்தாறு நம்மிடம் இல்லையே. புள்ளிவிவரம் வைத்துச் செய்த ஆய்வுகளுக்கும் இதே முட்டுக்கட்டைதான். 2012-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றுமே செய்யவில்லையா என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது என்றது.

தெளிவான ஆதாரம் கிடைத்தால் மட்டும் மாறிவிடுவோமாக்கும்! 1979-ல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்ட் சோதனை ஒன்று: 48 மாணவர்கள், பாதிப் பேர் தூக்குக்கு ஆதரவு, பாதிப் பேர் எதிர்ப்பு. எல்லோருக்கும் இரண்டு ஆய்வுச் சுருக்கம் கொடுத்தார்கள்; ஒன்று தூக்கு குற்றத்தைத் தடுக்கிறது என்றது, மற்றது தடுக்கவில்லை என்றது. தன் கட்சிக்குச் சாதகமானதை 'நல்ல ஆய்வு' என்றும், எதிரானதை ஓட்டை என்றும் அவரவர் சொன்னார்கள். முடிவில் இரண்டு தரப்பும் முன்னைவிட விறைப்பாகத்தான் நின்றன.

ஆக, பயமுறுத்துமா என்ற தர்க்கம் மனதை அசைப்பதில்லை. மாற்று என்ன என்ற கேள்விதான் அசைக்கிறது. இன்னொன்றும் அசைக்கும்: முகம் தெரிந்த ஆள். 2011 ஆகஸ்ட் 30-ல், ராஜீவ் கொலை வழக்கில் தூக்குக்கு நாள் குறிக்கப்பட்ட மூவரின் கருணை மனுவை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி நம் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. முன்னாள் பிரதமரைக் கொன்ற வழக்கு அது.

இதை அண்ணாச்சியிடம் சொல்லி, அன்றைக்கு நீரு எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"அது வேற வே," என்றார். "அவனுவதான் இருபது வருசம் உள்ளயே கிடந்துட்டானுவள்லா."