அலையாத்தி: சொல் விளக்கம்

புயல் எச்சரிக்கை வரும் நாட்களில் செய்தித்தாள்களில் தவறாமல் தலைகாட்டும் சொல் ‘அலையாத்திக் காடு’. அதே காட்டைச் சிலர் ‘மாங்குரோவ் காடு’ என்று எழுதுகிறார்கள், சிலர் ‘சதுப்புநிலக் காடு’ என்கிறார்கள். பிச்சாவரம் பற்றிய கட்டுரைகளில் ‘சுரபுன்னைக் காடு’, இலங்கைத் தமிழில் ‘கண்டற்காடு’. எல்லாம் ஒரே காட்டைச் சுட்டத்தான் எழுதப்படுகின்றன. ஆனால் ஒவ்வொரு பெயரும் ஒவ்வொன்றைச் சொல்கிறது.

முதலில் பொருள். வெப்பமண்டலக் கரைகளில், ஆறு கடலோடு கலக்கும் கழிமுகங்களில், நாள்தோறும் கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றில் வளரும் மரங்களும் புதர்களும் சேர்ந்த காடு இது. இவை ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. ஒன்றுக்கொன்று உறவில்லாத பல குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 70 இனங்கள், உப்பையும் மூச்சுமுட்டும் சேற்றையும் தாங்கக் கற்றுக்கொண்டதால் ஒரே பெயரில் அடங்குகின்றன. ‘கொடி’ என்ற சொல்லைப் போலத்தான் இதுவும்: குலத்தைச் சொல்வதில்லை, வாழும் விதத்தைச் சொல்கிறது.

இனி அயற்சொல். ‘மாங்குரோவ்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று. கரீபியத் தீவுகளின் பழங்குடி மொழியிலிருந்து ஸ்பானியர் வாயில் ‘மாங்ளே’ என்றும் போர்த்துக்கீசியர் வாயில் ‘மாங்கே’ என்றும் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் அது ‘மாங்ரோ’ என்பது போல எழுதப்பட்டது. அந்த மொழியில் தோப்பைக் குறிக்கும் ‘குரோவ்’ என்ற சொல் இருந்ததால், கேட்டவர்கள் கடைசி அசையைத் தமக்குத் தெரிந்த சொல்லாக்கிக்கொண்டார்கள். தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லின் அச்சில் வார்ப்பது எல்லா மொழியினருக்கும் உள்ள பழக்கம்தான். (மாம்பழத்தைக் குறிக்கும் ‘மாங்கோ’வுக்கும் இதற்கும் உறவில்லை. அது தென்னிந்திய மொழிகளின் ‘மாங்கா’யிலிருந்து கப்பலேறிய சொல். மாங்குரோவை மாந்தோப்பு என்று எண்ணிவிட வேண்டாம்.)

நம் சொல்லிலும் இப்படி ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. எழுத்தை மட்டும் பார்த்தால் அலையாத்தியை அலை + ஆத்தி என்று பிரிக்கத் தோன்றும். ஆத்தி, சோழர்கள் மாலையாக அணிந்த பூவைத் தரும் மரம், தரையில் வளர்வது, கடற்சேற்றுக்கும் அதற்கும் எட்டாத தொலைவு. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் வேறு: அலை + ஆற்றி, அதாவது அலையை ஆற்றுவது. பேச்சில் காற்று ‘காத்து’ ஆகிறது, ஆற்றங்கரை ‘ஆத்தங்கரை’ ஆகிறது. அந்த வழியில் அலையாற்றி ‘அலையாத்தி’ ஆவதற்குத் தடையேதும் இல்லை. பேச்சு வடிவமே அச்சிலும் நிலைத்துவிட்டது. இனி அதைத் திருத்தி ‘அலையாற்றி’ என்று எழுதத் தேவையில்லை என்பது என் கருத்து. பொருளை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

அந்தப் பொருளில்தான் இந்தச் சொல்லின் அருமை இருக்கிறது. ஆறு என்பது தன்வினை, ஆற்று என்பது பிறவினை. சூடான பால் தானாக ஆறும். நாம் அதை ஆற்றுவோம். ஆற்றிய பிறகும் பால் அங்கேயேதான் இருக்கிறது, சூடுதான் இறங்குகிறது. புண்ணை ஆற்றுவதும் பசியாற்றுவதும் அப்படியே. ‘ஆற்று’ என்பது ‘தடு’ அன்று. அலையைத் தடுப்பது சுவர். சுவரில் மோதிய அலை தன் வலுவில் பெரும்பகுதியோடு திரும்பி, சுவரின் காலடி மணலை அரிக்கும். பக்கத்துக் கரையையும் தின்னும். காடு அலையை உள்ளே வரவிடுகிறது, வரவர அதன் வேகத்தை வாங்குகிறது. பெயர் வைத்தவர்கள் ‘அலைதடுப்பான்’ என்று வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நீர் வற்றிய நேரத்தில் இந்தக் காட்டின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தால் இது விளங்கும். வெண்கண்டல் மரத்தடியில் சேறு முழுவதும் பென்சில்களைக் குத்திவைத்தது போல வேர்கள் மேல்நோக்கி நிற்கும். இவை மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் வேர் வெளியே தலைநீட்டி மூச்சு வாங்குகிறது. இரண்டு மூன்று மீட்டர் உயரமே உள்ள ஒரு மரத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மூச்சுவேர்கள் இருக்கலாம். நீரை ஒட்டிய வரிசையில் வேறு வகை மரங்கள்: தண்டிலிருந்து வளைந்து இறங்கும் முட்டுவேர்கள், ஒன்றோடொன்று பின்னி, ஒரு ஆள் நுழைய முடியாத கூண்டாக நிற்கும். அலை இதற்குள் நுழைந்ததும் ஒரே அலையாக இருக்க முடிவதில்லை. ஒவ்வொரு வேரிலும் கிழிபட்டு, சுழன்று, நுரையாகி, கடைசியில் வெறும் நீர்மட்ட அசைவாக மெலிகிறது. வேகம் இழந்த நீர் தான் சுமந்துவந்த வண்டலை அங்கேயே போட்டுவிடுகிறது. அதனால் ஆண்டுக்கு ஆண்டு தரையும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது. கடல்மட்டம் ஏறும் காலத்தில் இந்தக் கடைசி வேலை சிறிய வேலை அன்று.

எவ்வளவு ஆற்றும்? இங்கேதான் அலைக்கும் அலைக்கும் வேறுபாடு பார்க்க வேண்டும். காற்றடித்து எழும் சாதாரண அலையின் உயரத்தை, 100 மீட்டர் அகலமுள்ள காடு 13 முதல் 66 சதவீதம் வரை குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. புயலின்போது கடல் மொத்தமாகப் பொங்கி ஊருக்குள் ஏறும் வெள்ளம் வேறு வகை. அது மணிக்கணக்கில் நிற்கும், மைல்கணக்கில் பரவும். அதன் உயரத்தைச் சில சென்டிமீட்டர் முதல் ஏறக்குறைய அரை மீட்டர் வரை குறைப்பதற்கே ஒரு கிலோமீட்டர் அகலக் காடு வேண்டும். கரையோரம் இரண்டு வரிசை நட்டுவிட்டு ‘அரண் அமைத்துவிட்டோம்’ என்று பலகை வைப்பது அலையை ஆற்றாது, மனத்தை வேண்டுமானால் ஆற்றும்.

1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பின், கேந்திரபாரா மாவட்ட ஊர்களை ஆராய்ந்தார்கள். கடலுக்கும் ஊருக்கும் இடையே காடு அகலமாக இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவாக இருந்தது தெரிந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: முன்னெச்சரிக்கை காப்பாற்றிய உயிர்கள் அதைவிட அதிகம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு, மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது. வேறு ஆய்வாளர்கள் உடனே குறுக்கிட்டார்கள்: அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தனவே, அதைக் கணக்கில் எடுத்தீர்களா? நியாயமான கேள்வி. ‘அலையாத்தி சுனாமியைத் தடுத்தது’ என்று தலைப்பிடும்போது இரண்டு தவறு நேர்கிறது, ஒன்று அறிவியலில், மற்றொன்று தமிழில்.

சுனாமிக்குப் பின் புழக்கத்துக்கு வந்த மற்றொரு சொல் ‘பயோஷீல்டு’. அதற்கு ‘உயிர்வேலி’ பொருந்தும். ஆனால் அந்தப் பெயரில் கடற்கரை மணலில் நடப்பட்டதில் பெரும்பகுதி சவுக்கு. சவுக்கு காற்றைத் தணிக்கும், மணலையும் பிடிக்கும். ஆனாலும் அது அலையாத்தி ஆகாது. வேலி என்று பொதுவாகச் சொல்லும்போது எந்தச் செடியின் வேலி என்று கேட்பது நல்லது.

வேலி என்றதும் பழைய சொல்லுக்கு வருவோம்: கண்டல். நற்றிணையின் நெய்தல் பாட்டு ஒன்றில் ‘கண்டல் வேலிக் கழி சூழ் படப்பை’ என்று ஒரு மீனவர் பாக்கம் வருகிறது. கழி சூழ்ந்த தோட்டம், அதற்கு வேலியாகக் கண்டல். பாட்டு சொல்வது காதலை. இந்த வேலி போகிற போக்கில் சொல்லப்பட்ட காட்சிதான். புலவருக்கு வெள்ளத் தணிப்புக் கொள்கை தெரிந்திருந்தது என்றெல்லாம் இதிலிருந்து இழுக்கக் கூடாது. ஆனால் ஊருக்கும் உப்புநீருக்கும் நடுவே நிற்பது கண்டல் என்பதை அந்தக் கண் பார்த்திருக்கிறது. ஒரு மரத்தின் பெயராகவும் அந்த மரக்கூட்டத்தின் பெயராகவும் இது வழங்குகிறது. மலையாளத்திலும் ‘கண்டல்’தான். கண்ணூர்ப் பகுதியில் சேற்றில் இறங்கித் தன் கையால் இந்த மரங்களை நட்டு வளர்த்த கல்லேன் பொக்குடனை மக்கள் ‘கண்டல் பொக்குடன்’ என்றே அழைத்தார்கள். 2015இல் அவர் மறைந்தார். மரத்தின் பெயர் அவர் பெயரோடு ஒட்டியே நிற்கிறது.

மற்ற இரண்டு பெயர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘சதுப்புநிலக் காடு’ தவறில்லை என்றாலும் தளர்வானது. நன்னீர்ச் சதுப்பிலும் காடு உண்டு, அங்கே அலை கிடையாது. ‘சுரபுன்னை’ குழப்பம் தரும். பழைய வழக்கில் அது மணமுள்ள பூப் பூக்கும் வேறொரு மரம். பிச்சாவரத்தை ஒட்டிச் சொல்ல வேண்டிய இன்னொரு மரப்பெயர் தில்லை. இதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இந்தச் சதுப்புக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது பலருக்குப் புதுச்செய்தியாக இருக்கலாம்.

எனக்கு இரண்டு சொல்லும் வேண்டும். தாவரத்தையும் காட்டையும் பேசும்போது கண்டல்: வெண்கண்டல், கண்டல் நாற்று, கண்டற்காடு. கரைக்கு அது செய்யும் வேலையைப் பேசும்போது அலையாத்தி. எழுதும்போது அலையாத்திக் காடு என ‘க்’ மிகும். கண்டல் + காடு புணர்ந்தால் கண்டற்காடு. ‘மாங்குரோவ் அலையாத்திக் காடு’ என்று இரண்டையும் அடுக்குவது, நடுசென்டர் என்பது போலத்தான்.