விடியற்காலையில் புளிக்கும் கீரை

மெக்சிகோ சமையல் காணொளிகளில் பன்றி இறைச்சியோடு கொதிக்கிற 'வெர்தொலாகா' நம் பருப்புக்கீரைதானா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதேதான். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றும் ஒன்றாக வளரும் 'மில்பா' வயல்களில் மழை விழுந்ததும் அது தானாகவே முளைத்துவிடும். இப்படி விதைக்காமல் கிடைக்கும் கீரைகளுக்கு அங்கே 'கெலீத்தே' என்று பொதுப்பெயர். களையெடுக்கப் போகிறவர் குழம்புக்கும் சேர்த்தே பறித்து வருகிறார்.

பறிக்கும்போது தண்டை ஒடித்துப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே தரையோடு படர்ந்திருக்கும் அம்மான் பச்சரிசி இனச் செடியை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அதைச் சாப்பிடக் கூடாது. பருப்புக்கீரையில் நிறமற்ற நீர்தான் கசியும்.

சமையல் எளிது. இறைச்சி வெந்ததும், சொடக்குத் தக்காளிக்கு உறவான பச்சை 'தொமாத்தே வெர்தே'யை மிளகாய், பூண்டோடு அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு, கடைசியில் கீரையைப் போடுகிறார்கள். குழம்பின் புளிப்பில் பாதி காயினுடையது. மீதி இலையினுடையது, என்னை மயக்குவது அந்த மீதிதான்.

ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு வேண்டும். அதற்காக இலைத்துளையைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும். ஈரம் உள்ளவரை பருப்புக்கீரை, மக்காச்சோளத்தைப் போலவே, 'சி4' முறையில் பகலில் வாயுவைப் பிடிக்கிறது. மண் காய்ந்ததும் கள்ளிச் செடிகளின் 'சிஏஎம்' முறையையும் சேர்த்துக்கொள்கிறது. இரவில் துளையைத் திறந்து, பிடித்த வாயுவை மாலிக் அமிலமாக்கி செல்லின் நுண்பையில் அடைத்து வைக்கும். பகலில் துளையை மூடிக்கொண்டு அமிலத்தை உடைத்து வாயுவை வெளியே எடுக்கும். இரவில் கொள்முதல், பகலில் சமையல்! ஆப்பிளுக்குப் புளிப்பைத் தருவதும் இந்த மாலிக் அமிலமே. அதனால்தான் வறண்ட நிலத்துக் கீரை விடியலில் நன்றாகப் புளிக்கிறது, மாலைக்குள் புளிப்பு குறைந்துவிடுகிறது. மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சோச்சிமில்கோவின் நீர்சூழ் தோட்டங்களில் தண்ணீருக்குப் பஞ்சமில்லாமல் வளரும் கீரையில் இந்த ஏற்ற இறக்கத்தை அவ்வளவாக எதிர்பார்க்க முடியாது.

சி4, சிஏஎம் இரண்டு முறைகளும் ஒரே செடியில் இணங்கிப் போகாது என்றே தாவரவியலாளர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கட்டுரை, பருப்புக்கீரையில் இரண்டும் ஒரே செல்களுக்குள் பின்னிப் பிணைந்து நடப்பதைக் காட்டியது. மக்காச்சோளத்துக்கும் இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பது அவர்களின் அடுத்த கனவு. இப்படிப்பட்ட ஆய்வுக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் தகும் என்பேன். 'ஒமேகா-3 நிறைந்த அதிசயக் கீரை' என்று காய்ந்த பொடியை விற்பவர்களிடம்தான் எனக்குப் பொறுமை இல்லை. இதில் இருப்பது ஆல்பா லினோலெனிக் அமிலம் என்ற தாவர வகை ஒமேகா-3 கொழுப்பு. அதில் மிகச் சிறிய பங்கைத்தான் நம் உடல் மீன் எண்ணெயில் உள்ள வகையாக மாற்றிக்கொள்ளும். போதாததற்கு, சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகக் கூடிய ஆக்சலேட்டும் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. மற்றவர்களும் நிறைய நீரில் வேகவைத்து வடித்துவிட்டால் ஆக்சலேட்டில் ஒரு பகுதி போய்விடும். கூடவே புளிப்பும் கொஞ்சம் போகும்.