அபிமான நட்சத்திரம் நோயாளியைப் பார்க்க வரும்போது

கடும் நோய்க்குச் சிகிச்சை பெறுபவர், தாம் உயிராய் நேசிக்கும் நடிகரையோ விளையாட்டு வீரரையோ ஒருமுறை நேரில் பார்க்க முடியுமா என்று அவருடைய குடும்பத்தினர் கேட்கும்போது, பெரும்பாலும் குரலைத் தாழ்த்தியே கேட்கிறார்கள். கடும் நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய்த்தணிப்பு மருத்துவராக நான் அதைத் தகாத கோரிக்கையாகக் கருதுவதில்லை. நோயாளியின் வேதனையில் உடல்வலி ஒரு பகுதிதான். மனமும் உறவுகளும் வாழ்வின் பொருள் குறித்த தவிப்பும் அதில் கலந்திருக்கின்றன என்பதை, 1967இல் லண்டனில் தீரா நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் எங்கள் துறையின் அடிப்படைப் பாடமாக்கினார்.

இதைக் கடைசி ஆசை என்று எண்ணித் தள்ளிப்போடுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. 1980இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட 7 வயதுச் சிறுவனின் காவலராகும் ஆசையைக் காவல்துறையினர் நிறைவேற்றியதிலிருந்து உருவான மேக் எ விஷ் அமைப்பு, மரணத்தறுவாயில் இருக்கும் குழந்தைகளுக்கு மட்டுமானதன்று. அதன் வழியாக மல்யுத்த வீரர் ஜான் சீனா 650க்கும் மேற்பட்ட விருப்பங்களை நிறைவேற்றியிருக்கிறார். நோயாளி உட்கார்ந்து பேசிச் சிரிக்கும் நிலையில் இருக்கும்போதே கேளுங்கள்.

சந்திப்பின் நாளை மருத்துவக் குழுவோடு பேசி முடிவு செய்ய வேண்டும். கீமோதெரபி கொடுத்த பின் ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறையக்கூடும் என்பதால், அப்போது சாதாரணச் சளியோடு வருபவர்கூட ஆபத்தைக் கொண்டுவரலாம். வருபவர் எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் காய்ச்சலோ இருமலோ இருந்தால் வரக் கூடாது. அன்று காணொளி அழைப்பே போதும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருப்பவரை இறுக அணைத்தால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கன்றிப்போகலாம்.

வருபவர் பேசும் சொற்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். “நீ நிச்சயம் குணமாகிவிடுவாய்” என்று அன்பு மிகுதியால் சொல்லிவிடுகிறார்கள். பின்னர் நோய் முற்றினால், தனக்குப் பிடித்தவரின் வாக்கைத் தானே பொய்யாக்கிவிட்டதாகக் குழந்தை குமைந்துபோகும். அவ்வாறே, தாம் கேள்விப்பட்ட உணவையோ மூலிகையையோ நட்சத்திரம் ஒருவர் பரிந்துரைத்தால், மருத்துவர் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அந்தச் சொல்லே நோயாளியின் மனத்தில் நிற்கும். சிலர் சிகிச்சையையே நிறுத்தத் துணிவார்கள். பிடித்த காட்சி, பிடித்த ஆட்டம், படிக்கும் பாடம் என்று நோயைத் தவிர்த்துப் பேச எத்தனையோ இருக்கின்றன. வாசலோரம் ஒதுங்கி நிற்கும் அண்ணனிடமோ தங்கையிடமோ பேசும் இரண்டு வார்த்தைகளும் அந்த வீட்டுக்குப் பெரிய ஆறுதல்.

கேமரா வெளியே இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. முடி உதிர்ந்த தலையும் மூக்கில் குழாயுமாகத் தன்னை ஊர் பார்க்கலாமா என்பதை நோயாளியே, குழந்தையானால் பெற்றோரோடு சேர்ந்து, முடிவு செய்ய வேண்டும். படம் எடுக்க இசைவதும் வெளியிட இசைவதும் வேறு வேறு.

சந்திப்பு முடிந்த மறுநாள் சோர்வும் சற்றே மனவாட்டமும் வருவது இயல்பு. ஆனால் கீமோதெரபி பெறுபவருக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அதை அலைச்சலின் விளைவென்று எண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.