ஐஸுக்குள்ள அடைஞ்சு கிடக்கற பழைய காத்து

"லண்டன்ல ஐஸ்கட்டிய தெருவுல வச்சு சிற்பம்னு சொன்னாங்களே, அதுல காது வச்சா சத்தம் கேக்குமாமே, நிஜமா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். நிஜம்தான். ஓலாஃபர் எலியாசன்ங்கற கலைஞரும் மினிக் ரோசிங்ங்கற நிலவியலாளரும் சேர்ந்து பண்ணது. கிரீன்லாந்துல பனியாற்றுலேந்து ஏற்கனவே உடைஞ்சு கடல்ல மிதந்துட்டிருந்த கட்டிகளை அள்ளிட்டு வந்து 2014ல கோபன்ஹேகன், 2015ல பருவநிலை மாநாடு நடந்தப்போ பாரீஸ், 2018 டிசம்பர்ல லண்டன்னு வச்சாங்க. பாரீஸ்ல 12 கட்டி, கடிகாரம் மாதிரி வட்டமா. ஜனங்க தொட்டு, கட்டிப்பிடிச்சு நிக்க நிக்க அது உருகிட்டே இருந்துச்சு, அந்த உருகறதுதான் சிற்பமே.

இப்ப சத்தத்துக்கு வருவோம். நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் ஐஸை தண்ணியில போட்டா டக்குனு ஒண்ணு கேக்கும், அது திடீர்னு சூடு பட்டு விரிசல் விடறது. பனியாற்று ஐஸ் கதையே வேற. அது தண்ணி உறைஞ்சு வந்ததில்ல, பனி மேல பனி விழுந்து அமுங்கி அமுங்கி கெட்டியானது. பனித்தூளுக்கு நடுவுல இருந்த காத்து முதல்ல மேல போயிட்டு வந்துட்டு இருக்கும், சுமார் 60லேந்து 100 மீட்டர் ஆழத்துல வழியெல்லாம் அடைச்சுக்கும், காத்து குட்டிக் குட்டி குமிழியா மாட்டிக்கும். அதுக்கப்புறமும் மேல பாரம் ஏறிட்டே போகும், ஏறக்குறைய ஒவ்வொரு 11 மீட்டர் ஐஸுக்கும் இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடும்னு வச்சுக்கோங்க, குமிழி சுருங்கி சோடா பாட்டில் மாதிரி திமிறிட்டு உக்காந்திருக்கும். உருகறப்போ சுவர் மெலிஞ்சுட்டே வந்து ஒரு கட்டத்துல தாங்காம பட்டுனு வெடிக்கும். ஆயிரக்கணக்குல வெடிக்கறப்போ எண்ணெயில கடுகு பொரியற மாதிரி கேக்கும். எனக்கு இதை நினைச்சாலே சிலிர்க்குது, வெளிய வர்றது பல நூறு, பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த காத்து!

கிளாட் லோரியஸ்ங்கற பிரெஞ்சு விஞ்ஞானிக்கு அண்டார்டிகாவுல விஸ்கி கிளாஸ்ல போட்ட பழைய ஐஸ் குமிழி விடறதைப் பாத்துதான், இதை வச்சு அந்தக்கால காத்தையே அளக்கலாமேன்னு தோணுச்சு. அண்டார்டிகாவுல தோண்டி எடுத்த ஐஸ்ல 8 லட்சம் வருஷக் காத்து கிடைச்சது, அதுல கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சம் பங்கு காத்துக்கு 300 பங்கை ஒட்டிதான் உச்சமே, இன்னிக்கு 420ஐத் தாண்டியாச்சு. இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு காசு குடுக்கறதை வீண்னு சொல்றவங்க மேல எனக்கு நிஜமாவே கோபம் வரும். இமயமலை ஐஸும் உருகிட்டிருக்கு, தோண்டறதுன்னா இப்பவே தோண்டணும். உருகி பட்டுனு வெடிச்ச குமிழியோட காத்து இன்னிக்கு காத்துல கலந்துடுச்சுன்னா அப்புறம் எந்த மெஷினாலயும் பிரிச்சு எடுக்க முடியாது.