பொங்கலுக்கு டிக்கெட் போட்டாச்சு, மாத்திரைக்கு?

பொங்கல் ரயிலுக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். அன்று காலை எட்டு மணிக்கு வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருக்காத வீடு குறைவு. திருநெல்வேலி, தூத்துக்குடியைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள் இங்கே அவ்வளவு பேர். ஆனால் அதே வீட்டுப் பெரியவர் கிளம்புகிற அன்று சாயங்காலம்தான் கிளினிக்குக்கு வருவார். "டாக்டரம்மா, ராத்திரி வண்டி. மாத்திரை தீர்ந்துபோச்சு, சட்டுனு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்துவிடலாம். பிபி பார்த்தால் ஏறியிருக்கும், அளவை மாற்ற வேண்டும், மாற்றினால் பத்து நாளில் திரும்பப் பார்க்க வேண்டும். அவரோ ஊரில் இருப்பார். கடையில் கேட்டால் அந்த மாத்திரை நாளைக்குத்தான் வரும் என்பார்கள்.

கார்த்திகையில் மாலை போடுவதில் தொடங்கி, ராயபுரம், காசிமேட்டில் கிறிஸ்துமஸ், வைகுண்ட ஏகாதசி, நியூ இயர், போகி, பொங்கல் என்று தை வரைக்கும் எங்கள் பக்கம் ஓய்வே கிடையாது. அதனால் என் நோயாளிகளை நவம்பர் கடைசியிலேயே ஒருமுறை வரச் சொல்கிறேன். போகும் நாள், வரும் நாள் இரண்டையும் சொன்னால், அதற்கு மேல் ஒரு வாரம் கூட்டி எழுதித் தருவேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள், கொண்டுவரும் அம்மாவிடம் ஊருக்குப் போகும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருந்துச் சீட்டு இல்லாமல் ஊருக்குப் போகிறவர்களும் உண்டு. "மஞ்சளா, சின்னதா இருக்கும்" என்றால் ஊர் கடைக்காரர் என்ன செய்வார்? அட்டையை ஃபோனில் படம் எடுத்து வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் பலர் மாத்திரை தெரிகிற முன்பக்கத்தை எடுத்து வருகிறார்கள். பெயரும் மில்லிகிராம் அளவும் பின்பக்கம்தான் இருக்கும். பத்து மாத்திரை அட்டையில் நாலை வெட்டி வாங்கினால் பெயர் பாதி போய்விடும், காலாவதித் தேதி முழுசாகவே போய்விடும். முழு அட்டையாக வாங்குங்கள்.

இரண்டு நாள் விட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். வைட்டமின் மாத்திரை என்றால் ஒன்றும் ஆகாது. வலிப்பு மாத்திரை அப்படியில்லை. மாத்திரையும் இல்லை, ரயிலில் ராத்திரித் தூக்கமும் இல்லை என்றால் பல வருஷமாக வராத வலிப்பு பொங்கல் அன்று வரலாம். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களின் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, மெட்டோப்ரோலால் மாதிரியான இதய மாத்திரைகள், நாள்பட்ட ஸ்டீராய்டு, டிபி மாத்திரை எல்லாம் இதே வரிசை. இவற்றைப் பெட்டிக்குள் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள்.

இன்சுலின் போடுபவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிக்காத மருந்து ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரித்துவிட்டால் பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குக் குறைவான அறை வெப்பத்தில் சுமார் நாலு வாரம் தாங்கும். பயணத்துக்கு ஐஸ் கட்டி மேலேயே குப்பியைப் படுக்க வைக்கிறார்கள். வெயிலைப் போலவே உறைவதும் இன்சுலினைக் கெடுக்கும், உறைந்து உருகியதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். துணியில் சுற்றி, ஐஸ் நேரடியாகப் படாமல் கொண்டுபோங்கள்.

அதைவிட எனக்குப் பயம் தருவது ஊசி. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 40-க்கான ஊசிக்கு சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. ஊருக்குப் போன இடத்தில் பேனா உடைந்துவிட்டது என்று வையுங்கள். யாரோ சிவப்பு மூடி ஊசியை வாங்கி வந்து, கார்ட்ரிட்ஜிலிருந்து 20 கோடு வரை இழுத்துப் போட்டால் உள்ளே போவது 50 யூனிட். வேர்த்து, கை நடுங்கி, மயங்கி விழ அது போதும். மாற்றி நடந்தால், அதாவது 40 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி ஊசி வந்தால், 20 கோட்டுக்கு 8 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், யாருக்கும் காரணம் புரியாது. அதனால் மருந்தோடு ஊசியையும் இங்கிருந்தே எடுத்துப் போங்கள். பேனா என்றால் அதற்கான நீடில் ஒரு டப்பா.

எங்கும் போகாமல் வீட்டிலேயே இருப்பவர்களுக்கு மழை இருக்கிறது. 2015 வெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்ஜாம் புயல் எல்லாமே டிசம்பரில் வந்தவை. மிக்ஜாமின்போது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, எண்ணூர் பக்கம் வெள்ளத்தில் எண்ணெய் வேறு கலந்து வந்தது. ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது என்று இன்சுலினைக் கொட்டிவிடாதீர்கள். டிசம்பர் குளிரில் மண்பானைத் தண்ணீரில் நனையாமல் மிதக்க வைத்தாலே சமாளிக்கலாம். பிரிக்காத மருந்தும் அப்படி வெளியே வந்த நாளிலிருந்து நாலு வாரக் கணக்குக்குள் வந்துவிடும், தேதியை மேலேயே எழுதுங்கள். வெள்ளத் தண்ணீர் பட்ட மாத்திரையையும் குப்பியையும் மட்டும் யோசிக்காமல் எறியுங்கள்.

மாலை போடும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒன்று. செருப்பில்லாமல் நடக்கிற நாட்களில், உணர்ச்சி குறைந்த பாதத்தில் கல் குத்தியது தெரியாது. தை மாதம் புண்ணோடு வருகிறார்கள். மாலை போடுமுன் பாதத்தைக் காட்டுங்கள், விரதத்தில் தினமும் ராத்திரி வீட்டில் யாரையாவது உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் உள்ளவர்கள் இதயத்தைப் பரிசோதிக்காமல் சபரிமலைப் பாதையில் நீலிமலை ஏறக் கூடாது. ஏகாதசிக்குப் பட்டினி இருப்பவர்கள் கிளிமிப்ரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கிவிடும். முன்னாடியே கேளுங்கள், அளவு மாற்றித் தருவோம்.

அப்புறம், "மார்கழி கழியட்டும் டாக்டர், தை பிறந்தா பார்த்துக்கலாம்" என்று ஆபரேஷனையும் பரிசோதனையையும் தள்ளிப்போடுகிறவர்கள். கண்புரையா, சரி, தையிலேயே செய்யுங்கள். வலியில்லாத குடலிறக்கமும் பெரும்பாலும் காத்திருக்கும். மார்பில் கட்டி, மாவா (புகையிலை கலந்த பாக்கு) போடும் வாயில் ஆறாத புண், மலத்தில் ரத்தம், இவற்றுக்கு மார்கழி தெரியாது. நாள் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆபரேஷனுக்கு வேண்டுமானால் நாள் பாருங்கள், பரிசோதனைக்குப் பார்க்காதீர்கள். சதை எடுத்துப் பரிசோதித்து முடிவு வரவே நாளாகும், நடுவில் பொங்கல் விடுமுறையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் வழக்கமான ஓ.பி.யை எதிர்பார்க்க முடியாது. டிசம்பர் முதல் வாரத்திலேயே போனால் தைக்குள் என்னவென்று தெரிந்துவிடும்.

டயாலிசிஸ் செய்பவர்கள் ஊருக்குப் போவதென்றால் அங்குள்ள மையத்தில் இப்போதே இடம் கேளுங்கள். மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி பரிசோதனை ரிப்போர்ட் புதிதாகக் கேட்பார்கள்.

கடைசியாகப் போகி. 2018 போகி அன்று புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தாமதமாயின. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் தினசரி இன்ஹேலரை மார்கழியில் நிறுத்தாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அவசரத்துக்கான இன்ஹேலரை இன்றே எடுத்து, தேதி முடிந்ததா, கவுண்டரில் எத்தனை மிச்சம் என்று பாருங்கள். கவுண்டர் இல்லாத டப்பா சத்தம் போட்டாலும் உள்ளே மருந்து இருக்கிறது என்று அர்த்தமில்லை. போகி அன்று விடியற்காலை நாலு மணிக்கு, தெரு முழுக்கப் புகை இருக்கும்போது, மருந்துக்கடை திறந்திருக்காது.