மழையில் முன்கண்ணாடி மங்குகிறதா? வைப்பரை மாற்றும் முன் கண்ணாடியைப் பாருங்கள்

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் போதும், எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரே பேச்சுதான். "வைப்பர் போட்டா கோடு கோடா இழுக்குது, எதிர்ல வர்ற லைட்டுல ஒண்ணுமே தெரியல, பிளேடை மாத்திடுங்க." மாற்றிக் கொடுப்பது அஞ்சு நிமிட வேலை, காசும் வரும். ஆனால் கண்ணாடியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பிளேடை மாற்றினால், அடுத்த மழைக்கு அதே ஆள் அதே புகாரோடு வந்து நிற்பார். ரப்பர் கெட்டுப்போயிருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்க்கிற வண்டிகளில் முதல் காரணம் பெரும்பாலும் கண்ணாடி மேல் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலம்தான். அதைச் சுத்தமாக எடுத்த பிறகுதான் பிளேடு நல்லதா கெட்டதா என்றே சொல்ல முடியும்.

இது அழகுக்காகச் சொல்வது இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். வைப்பர் ஒரு தடவை போய் வந்த பிறகு ஒரு நொடிக்கு வெள்ளையாக மங்கி அப்புறம் தெளிகிறது என்றால், ஒவ்வொரு வீச்சிலும் அந்த 17 மீட்டரை நீங்கள் அரைகுறையாகத்தான் பார்த்து ஓட்டுகிறீர்கள். சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் ராத்திரி எட்டு மணிக்கு மழையில், கறுப்புக் குடையோடு ஒருவர் மீடியனிலிருந்து இறங்கினால் அந்த ஒரு நொடி எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் வைப்பருக்கென்றே 101-ஆம் விதி இருக்கிறது. வைப்பர் ஒழுங்காக வேலை செய்வது சட்டப்படியும் கட்டாயம்.

சரி, படலம் எங்கிருந்து வருகிறது? சென்னையில் மாசியிலிருந்து புரட்டாசி வரை பெரும்பாலான நாட்களில் கண்ணாடி வெயிலில் காய்கிறது. முன்னால் போகும் பஸ், லாரிகளின் டீசல் புகை, டயர் தேய்ந்த தூள், ரோட்டில் சிந்திய ஆயில் எல்லாம் மெல்லிசாக அதன் மேல் படிந்து வெயிலில் வெந்து ஒட்டிக்கொள்கின்றன. தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்குப் பிசுபிசுப்பும் சேரும். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒரே தகடாகப் பரவும், வைப்பர் அதை வழித்துவிடும். எண்ணெய் இருந்தால் தண்ணீர் பரவாது. பொடிப்பொடித் துளிகளாக உடைந்து நிற்கும். வைப்பர் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து இழுத்துப் பூசிவிடும். எதிரே வரும் ஹெட்லைட் அந்த ஒவ்வொரு துளியிலும் பட்டுச் சிதறுகிறது. பகலில் சுமாராகத் தெரிந்த அதே கண்ணாடி ராத்திரியில் ஒரே வெள்ளையாகத் தெரிவது இதனால்தான்.

இன்னொரு பெரிய காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வாட்டர் சர்வீஸ். வண்டியைக் கழுவி முடித்ததும் அடிப்பாகத்துக்கு டீசலோ பழைய ஆயிலோ ஸ்ப்ரே அடிக்கிற பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அந்தச் சாரல் கண்ணாடி வரை பறக்கும். அப்புறம் டயருக்குப் பாலிஷ் தேய்த்த துணி, டேஷ்போர்டுக்குப் பளபளப்பு போட்ட துணி, அதே துணியால் கடைசியாக ஒரு தடவை கண்ணாடியையும் துடைத்துக் கொடுப்பார்கள். அந்தப் பாலிஷில் சிலிக்கான் எண்ணெய் இருக்கும், கண்ணாடியில் ஒட்டினால் வெறும் தண்ணீருக்கும் சாதாரண ஷாம்பூவுக்கும் அசையாது. "நேத்துதான் சர்வீஸ் விட்டு எடுத்தேன், இன்னைக்கு மழையில ஒண்ணும் தெரியல" என்று வருகிற வண்டிகளில் பல இந்த ரகம். அடுத்த தடவை விடும்போதே சொல்லிவிடுங்கள்: கண்ணாடிக்குத் தனித் துணி, அடியில் டீசல் வேண்டாம், டேஷ்போர்டுக்குப் பாலிஷ் வேண்டாம், ஈரத்துணி போதும்.

உள்பக்கத்தை யாரும் நினைப்பதில்லை. டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் சூடாகும்போது அதிலிருந்து ஆவியாக வருவது, போட்ட பாலிஷ், வாசனை ஸ்ப்ரே, உள்ளே உட்கார்ந்து பிடித்த சிகரெட், எல்லாம் கண்ணாடியின் உள்பக்கத்தில்தான் போய்ப் படியும். ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரைக் கொஞ்சம் ஈரமாக்கி, ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே கண்ணாடியும் டேஷ்போர்டும் சேரும் அந்தக் குறுகலான இடத்தில் விரலை விட்டு ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். பேப்பரில் சாம்பலும் மஞ்சளும் கலந்து ஒரு பட்டை வரும். மாதக்கணக்கில் அதன் வழியாகத்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம். வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடி ஆறின பிறகு ஒரு மக் தண்ணீரை மேலிருந்து ஊற்றுங்கள். தகடாக வழிந்து நின்றால் கண்ணாடி சுத்தம். ஊற்றின உடனே திட்டுத்திட்டாகப் பிரிந்தால் எண்ணெய். வைப்பரை ஓட விட்டும் பார்க்கலாம். அகலமாக மங்கி ஓரிரு நொடியில் தெளிந்தால் படலம்தான். எப்போதும் ஒரே இடத்தில் மெல்லிசான ஒற்றைக் கோடு விழுந்தால் ரப்பர் விளிம்பில் அந்த இடத்தில் மண் ஒட்டியிருக்கிறது அல்லது பிய்ந்திருக்கிறது. ஒரு திட்டு மட்டும் துடைபடாமலே இருந்தால் பிளேடு அங்கே கண்ணாடியில் படியவில்லை, பிளேடைத் தாங்கும் இரும்புக் கை, அதாவது ஆர்ம், வளைந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். போகும்போது நன்றாகத் துடைத்து வரும்போது மட்டும் தடதடவென்று குதித்தால் ரப்பர் இறுகி ஒரு பக்கமாகவே வளைந்து நின்றுவிட்டது, அல்லது ஆர்ம் கோணம் தவறு.

சுத்தம் செய்யும் முறை சொல்கிறேன். முதலில் வைப்பர் ஆர்ம்களைத் தூக்கி நிறுத்திவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். மண்ணோடு தேய்த்தால் கீறல் விழும், கண்ணாடியில் விழுந்த கீறல் எளிதில் போகாது. ஒரு மக் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு மெத்தென்ற ஸ்பாஞ்சால் கண்ணாடி முழுக்கத் தேய்த்து, நுரை கொஞ்சமும் இல்லாமல் அலசுங்கள். இதிலேயே பாதிப் படலம் போய்விடும். மீதிக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், துணியைத் திருப்பித் திருப்பி, கறை ஏறாத பக்கம் வரும்வரை. தீப்பிடிக்கும் பொருள், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பெயிண்டிலும் டேஷ்போர்டிலும் சொட்டவிடாதீர்கள். அதற்கும் அசையாத பிடிவாதக் கறைக்கு வண்டியை மெருகேற்றித் தரும் டீட்டெய்லிங் கடைகளில் கிளே பார் என்ற களிமண் மாதிரிக் கட்டி கிடைக்கும், ஈரம் வைத்து லேசாக உருட்டினால் விரலில் சொரசொரப்பாக இருந்த கண்ணாடி வழுவழுவென்று ஆகிவிடும். முடிந்ததும் மறுபடி அந்த மக் தண்ணீர் சோதனை. திட்டு திட்டாகப் பிரிந்தால் இன்னொரு தடவை செய்ய வேண்டியதுதான்.

உள்பக்கத்துக்குத் தண்ணீரை ஸ்ப்ரே அடிக்காதீர்கள், வழிந்து டேஷ்போர்டுக்குள் போகும். துணியில் அடித்துத் துடைத்து, உடனே இன்னொரு காய்ந்த துணியால் துடையுங்கள். ஒரு சின்ன வழி: வெளியே குறுக்காகத் துடையுங்கள், உள்ளே மேலிருந்து கீழாக. அப்புறம் கோடு தெரிந்தால் எந்தப் பக்கத்துக் கோடு என்று பார்த்ததுமே தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் வெள்ளை வெள்ளையாக வட்டப் புள்ளிகள் நின்றால் அது எண்ணெய் இல்லை, உப்பு. போர் தண்ணீரில் தினமும் வண்டி கழுவுகிற பலருக்கும் இது வரும், ஓ.எம்.ஆர். பக்கத்து அபார்ட்மென்ட் வண்டிகளைப் பார்த்தாலே தெரியும். தண்ணீரிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் வெயிலில் காய்ந்து கண்ணாடியில் பிடித்துக்கொள்கின்றன. வினிகரில் நனைத்த துணியைக் கறைமேல் அஞ்சு பத்து நிமிஷம் போட்டு வைத்து, தேய்த்து, நன்றாக அலசினால் புதிய கறை கரைந்துவிடும். நாள்பட்டது கண்ணாடியையே அரித்திருக்கும். அதற்குக் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் சீரியம் ஆக்ஸைடு பாலிஷ் போட வேண்டும், அதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். பாத்ரூம் ஆசிடை எடுத்து ஊற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். பெயிண்ட், குரோம், ரப்பர் எல்லாம் போகும், கண்ணில் தெறித்தால் பார்வையும் போகலாம். கழுவின கையோடு துடைத்து உலர்த்திவிட்டால் உப்புக் கறை வரவே வராது.

இப்போது பிளேடுக்கு வருவோம். ரப்பர் விளிம்பை ஈரத்துணியால் இரண்டு விரலில் பிடித்து நீளவாக்கில் துடையுங்கள், கறுப்பாக வரும், கறுப்பு குறையும்வரை துடையுங்கள். அப்புறம் நகத்தால் விளிம்பை மெல்ல மடக்கிப் பாருங்கள். மெத்தென்று வளைந்து திரும்பினால் இன்னும் உயிர் இருக்கிறது. விறைப்பாக இருந்தாலோ, விரிசல், பிசிறு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். நம் வெயிலுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, மழை தொடங்குமுன், மாற்றுவது நல்லது. சில மாடல்களில் ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும், ஃபிரேம் நன்றாக இருந்தால் அதுவே போதும். வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். பிளேடைக் கழற்றியதும் கண்ணாடி மேல் ஒரு தடிமனான துண்டை விரித்துப் போடுங்கள். வெறும் இரும்பு ஆர்ம் ஸ்பிரிங் வேகத்தில் விழுந்து அடித்தால் கண்ணாடியே விரிசல் விட்டுவிடும், நூறு ரூபாய் வேலை பல ஆயிரமாகும்.

மண்ணெண்ணெய், டீசல், துரு நீக்கும் ஸ்ப்ரே எதையும் ரப்பரில் தடவாதீர்கள். அன்றைக்குப் பளபளவென்று கறுப்பாகத் தெரியும், ஆனால் ரப்பர் ஊதிப்போய் விளிம்பு கெடும், கூடவே கண்ணாடிக்குப் புதிதாக எண்ணெய் கொடுத்த மாதிரியும் ஆகும். உப்புத்தாள் வைத்து விளிம்பைத் தேய்ப்பதும் வேண்டாம். காலையில் காய்ந்த தூசி மேலே, பறவை எச்சத்தின் மேலே வைப்பரைப் போட்டு வழிக்கிறவர்கள்தான் கண்ணாடிக்குப் பெரிய எதிரி. அரை வட்டமாக விழும் அந்தப் பொடிக் கீறல்கள் பகலில் கண்ணுக்கே தெரியாது.

புகையிலை தேய்ப்பது, உருளைக்கிழங்கு தேய்ப்பது பற்றிக் கேட்கிறார்கள். பழைய லாரி டிரைவர்கள் செய்தது பொய்யில்லை, கண்ணாடியில் தண்ணீர் துளியாக நிற்காமல் பரவ அது கொஞ்ச நேரம் உதவும். வழியில் வேறு எதுவும் கிடைக்காதபோது செய்யலாம். சோப்புத் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும், கறையும் எடுக்கும். கடையில் விற்கிற தண்ணீர் ஒட்டாத கோட்டிங் வேறு ரகம். ஹைவேயில் அறுபதுக்கு மேல் போனால் காற்றே துளிகளைத் தள்ளிவிடும், நன்றாக இருக்கும். வேளச்சேரி சிக்னலில் இருபதில் நகர்கிறவருக்குத் துளிகள் அப்படியே நின்று ஹெட்லைட்டில் மின்னும். அழுக்குக் கண்ணாடி மேல் அதைப் பூசினால் நிலைமை இன்னும் மோசம்.

எல்லாம் சுத்தம், பிளேடும் புதுசு, ஆனாலும் மங்குகிறது என்றால் விரலால் உள்ளே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் உள்பக்கம் ஆவி பிடித்திருக்கிறது. ஈரக் குடை, நனைந்த மிதியடி, நாலு பேர் மூச்சு. ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, உள்காற்றே சுற்றும் பட்டனை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள். கோடு விழாவிட்டால் ஆவி வெளிப்பக்கம். மழை விட்ட ராத்திரியில் புழுக்கமான காற்று குளிர்ந்த கண்ணாடியில் படும்போது வருவது அது. அதற்கு எதிர்மாறாகச் செய்ய வேண்டும்: குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து வேறு பக்கம் திருப்பி, குளிரைக் குறைத்து, வைப்பரை ஒரு தடவை போடுங்கள். இதை மாற்றிச் செய்துவிட்டு வைப்பரைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கண்ணாடிக்குத் தண்ணீர் பீச்சும் வாஷர் டேங்கில் ஷாம்பூவை ஊற்றாதீர்கள், நுரை கட்டும், பீச்சும் துளை அடைக்கும். போர் தண்ணீரும் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரோடு வாஷர் திரவத்தை டப்பாவில் சொன்ன அளவு கலந்து ஊற்றுங்கள். பீச்சும் துளை அடைத்திருந்தால் குண்டூசி நுனியால் மெதுவாகக் குத்திவிட்டால் திறந்துவிடும்.

நகம் மாட்டுகிற அளவுக்கு ஆழமான கீறல் டிரைவர் பார்வைக்கு நேரே இருந்தால் பாலிஷ் போட்டு எடுக்கப் பார்க்காதீர்கள், அந்த இடம் குழிந்து ரோடே நெளிந்து தெரியும். கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். தேய்மானக் கீறலுக்கு இன்சூரன்ஸ் தராது. கல் அடித்தோ விபத்திலோ உடைந்தால் முழுக் காப்பீட்டில் கிளெய்ம் உண்டு, கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவும் பிடிக்கமாட்டார்கள், ஆனால் கிளெய்ம் எடுத்தால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பாதிக்கும் என்பதால் முதலில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள புது வண்டிகளில் மாற்றிய பிறகு கேமராவைச் சரிபார்த்து, அதன் பார்வைக் கோணத்தைச் சரியாக அமைத்துத் (கேலிபிரேஷன்) தரச் சொல்லிக் கேளுங்கள். ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் பழைய கண்ணாடியோடு போய்விடும், உரித்து ஒட்ட முடியாது. டோல்கேட்டில் போய் நிற்பதற்கு முன், கொடுத்த பேங்கிலேயே மாற்று டேக் கேட்டு வாங்கிவிடுங்கள்.