தண்ணீர் நஞ்சில்லை என்று யார் நிரூபிக்க வேண்டும்?

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் ஈயம் எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு என்று அளந்துவிடலாம். பட்டியலில் இல்லாத வேதிப்பொருளை யார் தேடுவது? தனித்தனியாக வரம்புக்குள் இருப்பவை ஒன்றுசேர்ந்து உயிரைப் பாதிப்பதும் உண்டு. அதனால்தான் அமெரிக்காவில் அந்த நீரிலேயே உயிரினங்களை விட்டுப் பார்க்கிறார்கள்.

அதற்கு அதிகம் பயன்படுவது செரியோடாப்னியா டூபியா என்ற நீர்த்தெள்ளு. உடல் நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குஞ்சுகளைக் கிண்ணத்துக்கு ஒன்றாக, 15 மில்லிலிட்டர் நீரில் விடுவார்கள். கழிவுநீருக்குப் பத்துக் கிண்ணம், ஒப்பிட நல்ல நீருக்குப் பத்து. தினமும் நீரை மாற்றி, பாசியும் ஈஸ்ட் கலந்த தீவனமும் கொடுத்து, மூன்று ஈற்று முடியும்வரை குஞ்சுகளை எண்ண வேண்டும். ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். நல்ல நீரிலேயே தாய்க்குச் சராசரி 15 குஞ்சாவது பிறக்காவிட்டால் அந்தச் சோதனை செல்லாது.

சரி, நல்ல நீரில் சராசரி 20, கழிவுநீரில் 15 என்று வருகிறது. இதை எப்படிப் படிப்பது என்பதில்தான் சண்டை. பழைய முறை ‘நஞ்சு இல்லை’ என்ற அனுமானத்தில் தொடங்கும். வேறுபாடு தற்செயல் அல்ல என்று புள்ளியியல் காட்டினால்தான் நீர் தோற்கும். கிண்ணத்துக்குக் கிண்ணம் எண்ணிக்கை தாறுமாறாக இருந்தால் அதைக் காட்டவே முடியாது. ஆய்வகம் எவ்வளவு கவனக்குறைவாக இருக்கிறதோ, நிலையத்துக்கு அவ்வளவு வசதி.

2010-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதைத் தலைகீழாக்கிய ஒரு முறையை முன்வைத்தது. நீண்டகாலப் பாதிப்புச் சோதனையில் 25 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருக்கிறது என்றே தொடங்கு, இல்லை என்பதைத் தரவு காட்டட்டும் என்கிறது அது. 2020-இல் கலிபோர்னியா மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியம் மாநிலம் முழுமைக்கும் இதை ஏற்றது.

நிலையங்களை நடத்துபவர்கள் எதிர்த்தார்கள். இந்தத் தெள்ளின் இனப்பெருக்கம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறது, நல்ல நீரும் தோற்றுப்போகும், வீணாக அபராதம் வரும் என்பது அவர்கள் வாதம். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அதற்குத் தீர்வு ஆய்வகங்களைச் சீராக்குவதும் கிண்ணங்களைக் கூட்டுவதும். ஆற்றில் வாழும் உயிர்கள் மேல் நிரூபிக்கும் சுமையைத் திரும்ப ஏற்றுவது தீர்வாகாது.

அப்புறம், தோல்விக்குப் பின் நடக்கும் துப்பறிதலும் முக்கியம். அதே நீரில் இடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்து உலோகங்களைப் பிணைத்துவிட்டு மறுபடி சோதிப்பார்கள். தெள்ளுகள் தேறினால் சந்தேகம் உலோகத்தின் மேல் விழும். கரிமப் பொருள்களைப் பிடித்துவைக்கும் வடிகுழாய் வழியே செலுத்தியதும் தேறினால், பூச்சிக்கொல்லி போன்றவற்றைத் தேடத் தொடங்குவார்கள்.